நிலை எண்ணும் வலியின் அளவும்: எண்டோமெட்ரியோசிஸைச் சரியாகப் புரிந்துகொள்வோம்



இம்முறை தமிழ் வகுப்புக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிற தலைப்பு மாதிரி தெரியும். ஆனால், ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் ஒரு பெண் எவ்வளவு சிரமப்பட்டாள் என்பதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அந்தச் சொல் ‘நிலை’.

பத்து காவானில் என்னிடம் படிவம் ஐந்தில் தமிழ் படித்த மாணவி ஒருத்தி மாதாமாதம் இரண்டு நாள் பள்ளிக்கு வரமாட்டாள். வந்தாலும் மேசைமேல் தலை கவிழ்த்திருப்பாள். கேட்டால், “வயிறு வலி டீச்சர்” என்பாள். நானும் ஒரு பெண்தான். “எல்லாருக்கும் வர்றதுதானேம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று சொல்லியிருக்கிறேன். அதை இன்று நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பள்ளி முடித்து இரண்டு ஆண்டு கழித்து என்னைப் பார்க்க வந்தாள். இதற்கிடையில் நிபுணரிடம் போய், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகப் பார்த்து, எண்டோமெட்ரியோசிஸ் என்று உறுதிசெய்திருந்தார்கள். அறிக்கையில் ‘முதல் நிலை’ என்று இருந்ததாம். வீட்டில் பாட்டி, “முதல் நிலைதானே, பெருசா ஒண்ணுமில்லையே, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று கேட்டுவிட்டாராம். அவள் என்னிடம் கேட்டாள்: “டீச்சர், முதல் நிலைன்னா எனக்கு வலி கொஞ்சமாத்தான் இருக்கணுமா? அப்ப நான்தான் மிகைப்படுத்துறேனா?”

அவளுக்குச் சொல்லவேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை.

எண்டோமெட்ரியோசிஸ் என்றால் என்ன?

கருப்பையின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதை ‘அகப்படலம்’ என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் அது தடித்து, கரு உருவாகாவிட்டால் உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறுகிறது. அந்தப் படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதைத்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்கிறோம். சினைப்பையில், வயிற்றறையின் உள் உறையில், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள குழிவில், சிலருக்குக் குடலிலோ சிறுநீர்ப்பையிலோ அது காணப்படும்.

வெளியே வளர்ந்த இந்தத் திசுவும் ஹார்மோன் மாற்றங்களுக்கு ஏற்பத் தூண்டப்படுகிறது. சுற்றிலும் அழற்சி உண்டாகிறது. நாளடைவில் தழும்பும், உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒட்டுத்திசுவும் உருவாகலாம். சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய கட்டி உருவாவதும் உண்டு. அதன் நிறத்தை வைத்து அதைச் ‘சாக்லெட் கட்டி’ என்பார்கள்.

இது அபூர்வ நோய் அன்று. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது உலகெங்கும் சுமார் 190 மில்லியன் பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

காரணம் இன்னும் முழுமையாகத் தெளிவாகவில்லை. அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிச் சென்று வயிற்றறைக்குள் விழுகிறது. அதிலுள்ள திசு அங்கே ஒட்டி வளர்கிறது என்றார். ஆனால், அப்படிப் பின்னோக்கிச் செல்வது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். எல்லாருக்கும் இந்த நோய் வருவதில்லை. ஆகவே மரபணு, நோய் எதிர்ப்பு ஆற்றல், ஹார்மோன் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள்.

நான்கு நிலைகளை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

அமெரிக்கக் கருவுறுதல் சங்கம் 1979-இல் ஒரு புள்ளி முறையை வெளியிட்டது. 1985-இல் அதைத் திருத்தினார்கள். பின்னர் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் என்று பெயர் மாறிய அதே அமைப்பு 1996-இல் மீண்டும் திருத்தியது. அதிகமாகப் பயன்படுவது இந்த முறைதான்.

அறுவை மருத்துவர் உள்ளே கண்டதற்கெல்லாம் புள்ளி போட்டுக் கூட்டுகிறார்.

1 முதல் 5 புள்ளி வரை: முதல் நிலை (மிகக் குறைவு)
6 முதல் 15 புள்ளி வரை: இரண்டாம் நிலை (இலேசானது)
16 முதல் 40 புள்ளி வரை: மூன்றாம் நிலை (நடுத்தரம்)
40-க்கு மேல்: நான்காம் நிலை (கடுமை)

எதற்கு எவ்வளவு புள்ளி என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். மூன்று கற்பனைப் பெண்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் பெண்ணுக்கு வயிற்றறை உறையின் மேற்பரப்பில் 1 முதல் 3 செண்டிமீட்டர் அளவில் திட்டு. அதற்கு 2 புள்ளி. ஒரு சினைப்பையின் மேல் 1 செண்டிமீட்டருக்கும் குறைவான மேலோட்டத் திட்டு. அதற்கு 1 புள்ளி. மொத்தம் 3. ஆகவே முதல் நிலை.

இரண்டாம் பெண்ணுக்கு வயிற்றறை உறையில் 3 செண்டிமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமான திட்டு. எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதற்குக் கிடைப்பது 6 புள்ளிதான். வேறொன்றும் இல்லாவிட்டால் அவர் இரண்டாம் நிலை.

மூன்றாம் பெண்ணுக்கு இரண்டு சினைப்பைகளிலும் 3 செண்டிமீட்டருக்கும் பெரிய கட்டிகள். ஒவ்வொன்றுக்கும் 20 வீதம் 40. கருப்பைக்குப் பின்னாலுள்ள குழிவு ஓரளவு அடைபட்டிருக்கிறது. அதற்கு 4. மொத்தம் 44. ஆகவே நான்காம் நிலை.

இப்போது ஒரு கேள்வி. இம்மூவரில் யாருக்கு வலி அதிகம்?

சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தப் புள்ளிப் படிவத்தில் வலிக்கு ஒரு கட்டமே கிடையாது. “உனக்கு எங்கே வலிக்கிறது? எவ்வளவு வலிக்கிறது?” என்று அது கேட்பதே இல்லை. முக்கியமாகக் கருவுறும் வாய்ப்பை மனத்தில் வைத்து உருவாக்கிய முறை அது. அதனால்தான் சினைப்பைக் கட்டிக்கும் ஒட்டுத்திசுவுக்கும் அதிகப் புள்ளி. அந்த வேலையைக்கூட அது நன்றாகச் செய்யவில்லை என்பதால், கருவுறும் வாய்ப்பைக் கணிக்க 2010-இல் தனியாக ஒரு குறியீட்டு முறை வந்தது. ஆழமாக ஊடுருவும் நோயை விவரிக்க ‘என்சியான்’ என்ற வேறொரு முறையும் இருக்கிறது.

ஆய்வு என்ன சொல்கிறது?

இத்தாலியில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிலைக்கும் வலியின் கடுமைக்கும் இடையே காணப்பட்ட தொடர்பு மிகச் சிறியது, சீரற்றது என்பதே அதன் முடிவு. முதல் நிலையில் உள்ளவர் படுக்கையைவிட்டு எழ முடியாமல் இருக்கலாம். நான்காம் நிலையில் உள்ளவருக்கு வலியே இல்லாமலும் இருக்கலாம். குழந்தை இல்லை என்று பரிசோதனைக்குப் போன பிறகுதான் தமக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது என்று சொல்லும் பெண்களும் உண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘நிலை குறைந்தால் வலி கூடும்’ என்று தலைகீழாகப் புரிந்துகொள்ளக்கூடாது. அதுவும் தவறு. நிலையைப் பார்த்து வலியைக் கணிக்க முடியாது என்பது மட்டுமே சரி.

ஏன் பொருந்தவில்லை?

நம் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். செம்பனை முள் ஒன்று நகக்கண்ணில் ஏறிவிட்டால் இரவெல்லாம் தூக்கம் வராது. ஆனால், வருடக்கணக்கில் கத்தி பிடித்ததால் உள்ளங்கையில் தடித்துப்போன காய்ப்பு வலிக்கவே வலிக்காது. எது பெரியது என்று அளந்தால் காய்ப்புதான் பெரியது. எது வலிக்கிறது என்று கேட்டால் முள்தான். எண்டோமெட்ரியோசிஸிலும் ஏறக்குறைய இப்படித்தான். நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, இடம். நரம்பு நெருக்கமாக உள்ள இடத்தில் சிறு திட்டு இருந்தாலும் வலி கடுமையாகலாம். மலக்குடல் பக்கம் இருந்தால் மலம் கழிக்கும்போது வலிக்கலாம். சிறுநீர்ப்பையில் இருந்தால் சிறுநீர் கழிக்கும்போது வலிக்கலாம். கருப்பைக்குப் பின்னால் ஆழத்தில் இருந்தால் திருமணமான பெண்களுக்கு உறவின்போது வலி ஏற்படலாம்.

இரண்டாவது, ஆழம். திசுவுக்குள் ஆழமாக ஊடுருவிய நோய் கடும் வலியைத் தரக்கூடியது. நம் இரண்டாம் பெண்ணுக்குக் கிடைத்தது 6 புள்ளிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, வேதிப்பொருள்கள். அழற்சி உள்ள இடத்தில் புரோஸ்டகிளாண்டின் போன்ற பொருள்கள் சுரக்கின்றன. அவை கருப்பையை இறுக்கிச் சுருங்கவைக்கின்றன, நரம்பு முனைகளையும் கூச்சமடையச் செய்கின்றன. சிறிய திட்டுகூட இவற்றைத் தீவிரமாகச் சுரக்கலாம். எத்தனை செண்டிமீட்டர் என்று அளப்பதால் இது தெரியாது.

நான்காவது, நரம்பு மண்டலம். மாதம் தவறாமல், வருடக்கணக்கில் வலி வந்தால் முதுகுத்தண்டும் மூளையும் வலிக்குப் பழகிப்போவதில்லை. மாறாக, இன்னும் கூர்மையாக உணரத் தொடங்கலாம். அப்போது மாதவிடாய் இல்லாத நாள்களிலும் இடுப்பில், முதுகில், காலில் வலி இருக்கும். திட்டுகளை அகற்றிய பிறகும் சிலருக்கு வலி தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம். “பொறுத்துக்கோ, பழகிடும்” என்று நாம் சொல்வது எவ்வளவு தவறு என்பதை இங்கே உணரலாம்.

‘நிலை’ என்ற சொல் நம்மை ஏமாற்றுவது எப்படி?

புற்றுநோயைப் பற்றிப் பேசும்போது முதல் நிலை, நான்காம் நிலை என்று கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. அங்கே நான்காம் நிலை என்றால் நோய் உடலின் மற்ற இடங்களுக்குப் பரவிவிட்டது என்று பொதுவாகப் பொருள். அந்த அச்சத்தை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடுகிறோம். எண்டோமெட்ரியோசிஸ் புற்றுநோய் அன்று. அதன் நிலைகள் ஏணிப்படிகளும் அல்ல. முதல் நிலையில் இருப்பவர் கட்டாயம் இரண்டு, மூன்று என்று ஏறிப்போவார் என்பதில்லை. சிலருக்கு நோய் கூடுகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது, சிலருக்குக் குறையவும் செய்கிறது.

அப்படியானால் நிலை எண்ணால் பயனே இல்லையா? உண்டு. உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது, ஒட்டுத்திசு எவ்வளவு என்று மருத்துவர்கள் தங்களுக்குள் சுருக்கமாகத் தெரிவித்துக்கொள்ளவும், அறுவையைத் திட்டமிடவும் அது உதவுகிறது. வலி எவ்வளவு என்பதற்கு மட்டும் அது பதில் சொல்லாது. அந்தப் பதில் நோயாளியிடம்தான் இருக்கிறது.

13 வயதிலிருந்து 36 வயது வரை

சென்னையில் 1970-இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் பத்மா லட்சுமி. விளம்பர அழகியாகவும் சமையல் நிகழ்ச்சித் தொகுப்பாளராகவும் பலருக்குத் தெரிந்தவர். பதின்ம வயதில் தொடங்கிய மாதவிடாய் வலிக்கு எண்டோமெட்ரியோசிஸ்தான் காரணம் என்பது அவருக்கு 36 வயதில்தான் தெரியவந்தது. அவருடைய அம்மா ஒரு தாதி. அந்த அம்மாவுக்கும் மாதவிடாய் வலி இருந்தது. அதனால் பெண்ணாய்ப் பிறந்தவர்களுக்கு இது இருக்கத்தான் செய்யும் என்று வீட்டில் எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 2009-இல் மருத்துவர் தாமர் செச்கினோடு சேர்ந்து அமெரிக்க எண்டோமெட்ரியோசிஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

படித்த குடும்பம், மருத்துவத் துறையில் இருந்த தாய், வசதியான நாடு. அங்கேயே 23 ஆண்டுகள் ஆயின என்றால், “செங்குகுட் தானே” என்று கடந்துபோகும் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அக்கறை இல்லாமல் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பாட்டி பட்டார், அம்மா பட்டார், அதனால் மகளும் படுவது இயல்பு என்று தோன்றிவிடுகிறது. அந்தப் பாட்டிக்கும் இதே நோய் இருந்து, கடைசிவரை யாரும் கண்டுபிடிக்காமல் போயிருக்கலாம்.

ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

நோயைக் கண்டறிவது நம் வேலை இல்லை. கவனிப்பது நம் வேலை. கீழ்க்காண்பவற்றில் ஏதேனும் தெரிந்தால் பெற்றோரிடம் பேசுங்கள்:

• மாதாமாதம் அதே நாள்களில் பள்ளிக்கு வராமல் இருப்பது
• வலி மாத்திரை போட்டும் எழுந்து நடமாட முடியாமல் இருப்பது
• வலியோடு வாந்தி, மயக்கம், வயிற்றுப்போக்கு வருவது
• மலம், சிறுநீர் கழிக்கும்போது வலிப்பது
• மாதவிடாய் இல்லாத நாள்களிலும் அடிவயிறு வலிப்பது

அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனால் மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் அரசு மருத்துவமனையின் மகப்பேறு, பெண்கள் நோய்ப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். போகும் முன் மாணவியை ஒரு வலிக் குறிப்பேடு எழுதச் சொல்லுங்கள். தேதி, வலித்த இடம், 0 முதல் 10 வரை வலி எத்தனை, என்ன மருந்து, அன்று என்ன வேலை கெட்டது என்ற ஐந்து தகவல் போதும். இரண்டு மூன்று மாதக் குறிப்பு இருந்தால் மருத்துவர் அறைக்குள் வாய் அடைத்துப்போகிற பிள்ளைக்கு அந்தத் தாளே பேசும்.

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல” என்று வந்தால் அத்தோடு விட்டுவிடக்கூடாது. மேலோட்டமான சிறு திட்டுகள் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அதே நேரம், அறுவை செய்தால்தான் சிகிச்சை தொடங்கலாம் என்பதும் இல்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்கவியல், கருவியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, அறிகுறிகளை வைத்தே மருந்துச் சிகிச்சை தொடங்கலாம். வலிநிவாரணிகள், ஹார்மோன் மருந்துகள், தேவைப்பட்டால் அறுவை என்று வழிகள் இருக்கின்றன. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால், வலியைக் குறைத்து இயல்பாக வாழ வழியுண்டு. எந்த மருந்தாக இருந்தாலும் மருத்துவர் சொன்னபடி மட்டுமே.

நியூசிலாந்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு மாதவிடாய் நலமும் எண்டோமெட்ரியோசிஸும் பற்றி அங்குள்ள எண்டோமெட்ரியோசிஸ் அமைப்பே வகுப்பு நடத்துகிறது. நம் நாட்டிலும் மலேசிய எண்டோமெட்ரியோசிஸ் சங்கம் விழிப்புணர்வுப் பணி செய்துவருகிறது. மார்ச் மாதம் இந்நோய்க்கான விழிப்புணர்வு மாதம். அந்த மாதத்தில் இக்கட்டுரையை வகுப்பில் வாசிக்கக் கொடுக்கலாம். மாணவர்களையும் வெளியே அனுப்பிவிடாதீர்கள். நாளைக்கு அவர்களும் அண்ணனாக, கணவனாக, அப்பாவாக, முதலாளியாக இருக்கப்போகிறவர்கள்தான்.

தேர்வு மாணவர்களுக்கு

விளக்கக் கட்டுரையில் ஒரு சொல்லின் பொருள் நழுவினால் முழுக் கருத்தும் தவறாகிவிடும். கீழ்க்காணும் வாக்கியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தவறு: அவளுக்கு முதல் நிலை என்பதால் வலி குறைவு.
சரி: அவளுக்கு முதல் நிலை. வலியின் அளவை அவளிடம்தான் கேட்டறிய வேண்டும்.

தவறு: நான்காம் நிலை என்றால் நோய் முற்றிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது.
சரி: நான்காம் நிலை என்றால் திசுவும் ஒட்டும் பரவலாக உள்ளன. அதற்கும் சிகிச்சை உண்டு.

சொல்வளம்:
அகப்படலம் – கருப்பையின் உட்புறப் படலம்
அழற்சி – திசு சிவந்து, வீங்கி, வலிக்கும் தன்மை
ஒட்டுத்திசு – உறுப்புகளை ஒட்டவைக்கும் தழும்புத் திசு
ஊடுருவுதல் – உள்ளே புகுந்து பரவுதல்

சிந்தனைக் கேள்விகள்:
1. நிலைகளைக் கணக்கிடும் முறையில் இடம்பெறாத முக்கியக் கூறு எது?
2. முள், காய்ப்பு ஆகிய உவமைகள் எதை விளக்கப் பயன்படுகின்றன?
3. நிலைக்கும் வலிக்கும் பொருத்தம் இல்லாததற்குரிய நான்கு காரணங்களை உம் சொந்த நடையில் எழுதுக.
4. ‘வலியைப் பொறுத்துக்கொள்வது பெண்ணின் குணம்’ என்ற கருத்தைப் பற்றி உம் கருத்து என்ன? காரணத்தோடு எழுதுக.

என் மாணவிக்கு அன்று நான் சொன்னது இதுதான்: “நிலைங்கிறது டாக்டர் கண்ணால பார்த்ததோட அளவும்மா. வலிங்கிறது நீ படுறது. நீ மிகைப்படுத்தல.” கூடவே, படிவம் ஐந்தில் நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பும் கேட்டேன். அடுத்த முறை பாட்டியையும் மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். கூட்டிப்போயிருக்கிறாள். திரும்பி வரும்போது காரில் பாட்டி, “எனக்கும் அந்தக் காலத்துல இப்படித்தான்டி இருந்துச்சு” என்றாராம்.

உங்கள் வகுப்பிலும் மேசைமேல் தலை கவிழ்த்திருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். அடுத்த முறை, “பொறுத்துக்கோ” என்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, “எங்கேம்மா வலிக்குது? எத்தனை நாளா?” என்று கேட்டுப் பாருங்கள்.